அவருக்குப் பாடப் புத்தகம் கொடுத்தீர்கள், எங்களுக்கு ஒரு தாள் கொடுங்கள்

ரயில் ஓட்டுநர் பயிற்சி நிலையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும், அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் விருதுநகரில் இருக்கிறேன். ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன் வேலை. இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. என் வீட்டுக்காரர் உதவி லோகோ பைலட்டாக, அதாவது ரயில் ஓட்டுநருக்கு உதவியாளராகத் தேர்வாகி, நான்கு மாதமாக ஆந்திராவில் பயிற்சியில் இருக்கிறார். எந்த ஊர், எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. அங்கே அவரை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டில் காரம் கொஞ்சம் தூக்கல் என்பதைத் தவிர அவருக்குப் புகார் ஒன்றும் கிடையாது. நான் எழுதுவது உங்கள் வகுப்பறையில் இல்லாத ஒரு ஆளைப் பற்றி. அதாவது என்னைப் பற்றியும், என்னைப் போல வீட்டில் இருப்பவர்களைப் பற்றியும்.

இந்த வேலைக்காக நாங்கள் தவமாய்த் தவமிருந்தோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், 'அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் அனுப்பினாய்?' என்று யாராவது கேட்பார்கள். (கேட்டார்கள்.) ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்துக்கொண்டே அவர் படித்தார். 2024 ஜனவரியில் அறிவிப்பு வந்தபோது நாடு முழுவதற்கும் 5,696 இடங்கள்தான். ஜூனில் அதை 18,799 ஆக்கினார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சேமியா பாயசம். கணினித் தேர்வு இரண்டு கட்டம், அப்புறம் ஆப்டிட்யூட் தேர்வு, கடைசியில் மருத்துவப் பரிசோதனை. இந்த வேலைக்கு ஏ-1 தகுதி வேண்டும். கண்ணாடி போடாமலே இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை இருக்க வேண்டும், நிறம் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்காக என் மாமியார் இரண்டு மாதம் பொன்னாங்கண்ணியைத் தவிர வேறு கீரையை வீட்டுக்குள் விடவில்லை. தன் மகன் தேறியதற்குக் காரணம் கீரைதான் என்று இன்றுவரை தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, உத்தரவு வந்தது. எந்தெந்தச் சான்றிதழ், எத்தனை போட்டோ, எந்த நாள் எந்த இடத்தில் ஆஜராக வேண்டும் என்பதெல்லாம் அதில் தெளிவாக இருந்தது. பதினோராம் நாள் கிளம்பினார். ரயிலேற்றிவிட்டு வந்து கதவைத் திறந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. ஹால் முழுக்க விரித்துப் போட்டிருந்த அவருடைய புத்தகங்களை இனிமேலாவது ஒதுக்கி வைக்கலாம் என்றுதான் தோன்றியது. அழுகை ஒன்பதாம் நாள் வந்தது, கேஸ் சிலிண்டரோடு.

சிலிண்டரை இறக்கிவைத்த தம்பி, "அக்கா, ஓடிபி சொல்லுங்க" என்றார். இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. எண் அவருடைய செல்லுக்குப் போகும். அவரோ வகுப்பில். வகுப்பு நேரத்தில் செல் கையில் இருக்காது. இருக்கவும் கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தத் தம்பி பாவம், கால் மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி பாப்பாவுக்குப் பால் காய்ச்ச எதிர்வீட்டுக்குப் பாத்திரத்தோடு போனேன். போய் வந்து வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். கரண்ட் பில் தகவல் அவர் எண்ணுக்கு வருகிறது. நகைக்கடன் வட்டி நினைவூட்டல் அவர் எண்ணுக்கு. பாப்பாவின் தடுப்பூசித் தேதி, அவளுடைய ஆதார், நாங்கள் இருவரும் சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, எல்லாமே அந்த ஒரே எண்ணுக்கு. வீட்டுச் சாவிக்கொத்தையே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆள் ரயிலேறியிருக்கிறார், அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கிளம்புவதற்கு முந்தின அந்தப் பத்து நாளில் எண்களை மாற்றியிருக்கலாம். நாங்கள் அந்தப் பத்து நாளில் பெட்டிக்குப் பூட்டு வாங்கினோம், பருப்புப் பொடி இடித்தோம், திருமணத்துக்கு வராத சித்தப்பா வீட்டுக்குக்கூடப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம்.

காலை நேரம் அடுத்த சிக்கல். வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்கள் ஆறரைக்கே லேப் வாசலில் நிற்பார்கள். முன்பெல்லாம் நான் கிளம்பிப் போனபின் அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். இப்போது தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு அக்காவிடம் விட வேண்டும். அக்கா முகம் சுளித்ததே இல்லை. ஆனால் ஒருவர் முகம் சுளிக்கிறாரா என்று தினமும் காலை ஆறு மணிக்கு உற்றுப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஒரு மாதம் பார்த்தேன். பிறகு ஒன்பது மணி ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன், சம்பளம் கொஞ்சம் குறைந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஊர் வாயைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். "தனியாவா இருக்க?" என்ற கேள்வியை அக்கறையாகக் கேட்பவர்கள் உண்டு, வம்புக்குக் கேட்பவர்கள் உண்டு. மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, அவர்களிடம் "அவருக்கு நைட் ஷிஃப்ட், இப்ப வந்துருவாரு" என்று சொல்லப் பழகிவிட்டேன். அவருடைய பழைய செருப்பு ஒரு ஜோடி வாசலில் கிடக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றிப் போடுவேன். ஒரே இடத்தில் தூசி படிந்து கிடந்தால் பொய் தெரிந்துவிடும் இல்லையா?

எங்கள் வீட்டிலிருந்து தண்டவாளம் கூப்பிடு தூரம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒவ்வொரு ரயிலுக்கும் விழிப்பேன், பிறகு காது பழகிவிட்டது. அவர் போனதும் காது மறுபடி திறந்துகொண்டது. விடியுமுன் நெல்லை எக்ஸ்பிரஸ் கடக்கும்போது முழித்துக்கொண்டு படுத்திருப்பேன். முன்பு அந்த ரயிலைப் பற்றி யோசித்தால் அதில் யார் வருகிறார்கள், யாரைக் கூப்பிட ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று மட்டும்தான் யோசிப்பேன். இப்போது, முன்னால் இருக்கும் இரண்டு பேர் கடைசியாக எப்போது தூங்கினார்கள் என்று யோசிக்கிறேன்.

பங்குனிப் பொங்கலுக்கு அவர் வரவில்லை. விருதுநகர்க்காரருக்கு தீபாவளியை விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கலாம், மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலை விட்டுக்கொடுக்க முடியாது. அக்கினிச்சட்டி எடுத்துப் போகிறவர்களை வீடியோ காலில் காட்டினேன். கூட்டச் சத்தத்தில் அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை, நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. பொருட்காட்சியில் பாப்பாவை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு நான் கீழே நின்றேன். ஏறியது அவள்தான், தலை சுற்றியது எனக்கு.

இனி, இந்த மடலை எழுத வைத்த ராத்திரிக்கு வருகிறேன்.

மூன்றாம் மாதம். பாப்பாவுக்கு 103 டிகிரி காய்ச்சல். மணி இரண்டு. மறுநாள் அவருக்கு ஜெனரல் ரூல்ஸ், அதாவது ரயில் ஓட்டும் பொது விதிகள், தேர்வு என்று எனக்குத் தெரியும். எடைக்குத் தகுந்த அளவு பாராசிட்டமால் கொடுத்தேன், ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தேன், விடியும்வரை நெற்றியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். காலையில் டாக்டரிடம் காட்டினோம். டெங்கு பார்க்கச் சொன்னார். எங்கள் லேபிலேயே, என் பிள்ளை கையில் நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எடுத்த கை, அன்று இரண்டு தடவை தவறியது. டெங்கு இல்லை. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவரிடம் நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீடியோ காலில் பாப்பா முழங்கையைக் காட்டி, "ஊசி, அம்மா ஊசி" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள்.

அவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட சமாளித்திருப்பேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கூட இருக்க முடியாதுன்னா, தெரிஞ்சுக்கவும் கூடாதா?" என்று கேட்டார். சொல்லியிருந்தால் பரீட்சை என்னவாகியிருக்கும் என்று நான் கேட்டேன். இருவர் கேள்விக்கும் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். உங்கள் பாடத்திலிருந்து எடுத்ததுதான். உங்களுக்குத் தெரியாததில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பச்சை என்றால் தடையில்லாமல் போகலாம். இரட்டை மஞ்சள் என்றால் கவனம், அடுத்த சிக்னலை வேகம் குறைத்துக் கடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கவே தயாராகப் போக வேண்டும். சிவப்பு, நில். ஓட்டுபவரும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் கை நீட்டி, வாய்விட்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். மனதுக்குள் பார்த்துக்கொண்டால் போதாதாம். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நாங்கள் கல்யாணமான நாளிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லாமல் மனதுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு வந்த சிக்னல்கள் எத்தனை என்று யோசித்தேன்.

ஆக, தினமும் ராத்திரி படுக்கும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வட்டம் அனுப்புவேன். பெரும்பாலும் பச்சை. ஒருநாள் வாஷிங் மெஷின் நின்றுபோனதற்கு ஒற்றை மஞ்சள் அனுப்பிவிட்டேன். அவர் அதை 'அடுத்து சிவப்பு வரப்போகிறது' என்று சரியாகவே புரிந்துகொண்டு, அறைத் தோழரின் செல்லிலிருந்தெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். நானோ துணியைக் கையால் துவைத்த அலுப்பில் தூங்கிவிட்டேன். மறுநாள் விதியைத் திருத்தினோம். இப்போது ஒற்றை மஞ்சளுக்கு அர்த்தம், 'கொஞ்சம் பணம் வேண்டும்'. சிவப்பு வந்தால் அந்த நிமிடமே கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இதுவரை சிவப்பு அனுப்பவில்லை.

ஆனால் பகல் பதினோரு மணிக்கு சிவப்பு அனுப்ப வேண்டி வந்தால்? அவருடைய செல் எங்கோ அணைந்து கிடக்கும் நேரத்தில் அது யாருக்குப் போய்ச் சேரும்? அந்த நிலையத்தின் அலுவலக எண் என்னிடம் இருக்கவில்லை. விடுதிக் காப்பாளர் யார், அவருக்கு என்ன மொழி தெரியும் என்பது தெரியாது. என் வீட்டுக்காரருக்கு எப்போது தேர்வு, எப்போது லோகோ ஷெட்டில் (எஞ்சின் பராமரிக்கும் இடத்தில்) செய்முறை, எந்த வாரம் விடுமுறை என்பதெல்லாம் அவர் நினைவு வைத்துச் சொன்னால் உண்டு. ஒரு நாள் அவர் கூப்பிடவில்லை என்றால் அது ராத்திரி வகுப்பா, உடம்பு சரியில்லையா என்று எனக்குத் தெரிய வழியில்லை. இதில் யார் தப்பும் இல்லை. நாங்கள் கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஒரே ஒரு தாள் போதும். சேரும் உத்தரவோடு அதையும் அனுப்புங்கள். பகல், ராத்திரி எந்நேரமும் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண். பயிற்சியின் மாதவாரி அட்டவணை. வீட்டில் அவசரம் என்றால் விடுப்புக்கு யாரிடம், எப்படிக் கேட்பது. தினமும் எந்த நேரத்தில் செல் கையில் இருக்கும் என்பது. அது அரை மணி நேரமானாலும் பரவாயில்லை, மாறாமல் இருந்தால் நான் பாப்பாவை அதற்கேற்றபடி தூங்க வைப்பேன். கடைசியில் இரண்டு வரி: கேஸ், கரண்ட், வங்கி எண்களை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். அந்தத் தாள் அந்தந்த வீட்டில் பேசும் மொழியில் இருக்கட்டும். என் மாமியாருக்கு ஆங்கிலமும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆனால் நான் லேபில் இருக்கும்போது வீட்டில் இருப்பவர் அவர்தான்.

அத்தை முதலில் வந்திருக்கவில்லை. அருப்புக்கோட்டை பக்கத்துக் கிராமத்தில் ஆடு வைத்திருக்கிறார், விட்டுவிட்டு உடனே வர முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போன் மட்டும் வரும். ரயில் எஞ்சினில் ஒரு கருவி உண்டு என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஓட்டுபவர் ஒரு நிமிடம் போல எதையும் தொடாமல் இருந்தால் முதலில் விளக்கு மினுக்கும், பிறகு சத்தம் போடும், அதற்கும் அசையாவிட்டால் தானாகவே பிரேக் பிடித்துவிடும். எனக்கு அத்தைதான் அந்தக் கருவி. நான் இரண்டு தடவை போனை எடுக்காத அன்று, சாயங்காலமே பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டார். காய்ச்சல் விஷயம் அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி எனக்கும் அத்தைக்கும் ஒரு சின்னச் சண்டை. மாமா லாரி ஓட்டியவர். மிளகாய் வத்தல் லோடு ஏற்றிக்கொண்டு பம்பாய் போனால் திரும்ப இருபது நாள் ஆகுமாம். "எனக்கெல்லாம் ஒரு கடுதாசிகூட வராது. உனக்குப் போன்ல முகமாச்சும் தெரியுது" என்றார் அத்தை. என் வலியை யாராவது இப்படித் தராசில் வைத்தால் எனக்குப் பொறுக்காது. வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "லாரி வந்து நின்னா ரெண்டு நாளைக்கு அவர்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியாது. ஆட்டுப் பட்டிக்குப் போயி உக்காந்துக்குவேன்" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

போன மாதம் மூன்று நாள் விடுப்பில் என் வீட்டுக்காரர் வந்தபோது விளங்கியது. சாவி மாட்டும் ஆணியில் சாவியை மாட்டாமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். எனக்குச் சுள்ளென்று வந்தது. அந்த ஆணியை அடித்தவரே அவர்தான். ஏழரைக்கே சாப்பிட்டுப் படுக்க நானும் பாப்பாவும் பழகியிருந்தோம், அவருக்கு ஒன்பதரைக்குத்தான் பசித்தது. பாப்பா ஒரு நாள் முழுக்க அவர் மடியை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் பிஸ்கட் தகராறில் அவரிடம் கோபம் வந்ததும், கட்டைவிரலால் அவர் முகவாயை அழுத்தினாள். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. வீடியோ காலைத் துண்டிக்கும் சிவப்பு வட்டம் போனில் அந்த இடத்தில்தான் இருக்கும். அப்பாவைக் கட் பண்ணப் பார்த்திருக்கிறாள். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்த மூன்று நாளில் ஒரு நாள் முழுக்க கேஸ் ஏஜென்சியிலும் வங்கியிலும் எண் மாற்றுவதில் போனது. விதி அப்படி.

இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது, இது கொஞ்சம் பெரியது. ரயில்வே கோட்டங்களில் ஓட்டுநர்களின் மனைவியரை அழைத்துப் பாதுகாப்புக் கூட்டம் நடத்துகிறார்கள். வீட்டில் அவருக்கு நல்ல தூக்கம் கிடைக்கட்டும், டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் சண்டை வேண்டாம், கவலைகளை அப்போது சொல்லாதீர்கள் என்று எடுத்துச் சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆயிரக்கணக்கான உயிர் அவர் கண்ணிமையில் இருக்கிறது என்பது எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தை ஏன் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடத்த வேண்டும்? பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே எங்களை ஒரு நாள் கூப்பிடுங்கள். வர முடியாதவர்களுக்கு வீடியோவில் நடத்துங்கள். தூக்கத்துக்குக் காவல் இருக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். எஞ்சின் அறைக்குள் ஒரு தடவை ஏற்றிக் காட்டுங்கள். டியூட்டிக்கு அழைப்பு எந்நேரமும் வரும், வெளியூரில் ரன்னிங் ரூமில் (ஓட்டுநர்கள் தங்கும் ஓய்வறையில்) தங்கித் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் நான் அவருடைய நோட்டைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். மாதத்தில் 30 மணி நேர ஓய்வு நான்கு, அல்லது 22 மணி நேர ஓய்வு ஐந்து என்ற விதியையும் அதில்தான் பார்த்தேன். அதைக் கூட்டி 46 மணி நேரமாகக் கேட்டு ஓட்டுநர் சங்கத்தினர் போராடுவது ஏன் என்று இப்போது புரிகிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் கிடைக்கிற அந்த ஓய்வு எங்கள் வீட்டுக் காலண்டரில் விழப்போகும் நாள், எனக்கும் சேர்த்துத்தான் அந்த விதி.

இந்தப் பயிற்சி மாதங்கள் ஒரு முன்னோட்டம் என்று அப்போதே யாராவது சொல்லியிருந்தால், 'ஆறேழு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் முடிந்துவிடும்' என்று நான் நாளை எண்ணியிருக்க மாட்டேன். சுவரில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

மனைவியர் என்றே எழுதிக்கொண்டு போகிறேன், மன்னிக்கவும். வீட்டில் இருப்பது கணவராகவும் இருக்கலாம். ஆசியாவின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் சுரேகா யாதவ், 36 ஆண்டு ஓட்டிவிட்டு 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் எத்தனையோ பெண்கள் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரருடன் பயிற்சியில் இருக்கும் ஒரு பெண்ணின் கணவர் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கிறாராம். நான் சமாளித்தால் 'பொம்பளைதானே, பார்த்துக்குவா' என்கிறார்கள், அவர் சமாளித்தால் 'ஐயோ பாவம்' என்கிறார்கள். அந்தத் தாள் அவருக்கும் போக வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிடுங்கள்.

மணி ஒன்பதாகப்போகிறது. ஒன்பதே காலுக்கு அவர் கூப்பிடுவார். இன்று டெட்டனேட்டர் பாடம். மூடுபனியில் சிக்னல் தெரியாதபோது தண்டவாளத்தில் வைக்கும் பட்டாசு. சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரியான எனக்கே அதைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கம் சொல்லியாகிவிட்டது. எத்தனை, எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும் என்று கேள்வி கேட்பது இன்று என் வேலை. அவருடைய நோட்டின் நகல் என் முன்னால் இருக்கிறது. பாப்பா தூங்கிவிட்டாள், அத்தை சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டார்.

இப்படிக்கு,
பயிற்சியில் இருக்கும் ஓர் உதவி லோகோ பைலட்டின் மனைவி,
விருதுநகர்.